ஓங்கோல் சபை தோன்றிய வரலாறு

(சங்கத்தின் வெள்ளி விழாவில், இரண்டாம் நாள் மாலை அமர்வில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ஒடுக்கப்பட்டோர் கல்வியும் சமயமும் என்பதாகும். அவ்வளவு பெரிய பரப்பை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டுச் செல்வதைக் காட்டிலும், ஒரே ஒரு சிற்றூரில் ஒரே ஒரு சபை எவ்வாறு தோன்றியது என்பதை நிதானமாக எடுத்துரைப்பது பயன்தரும் எனக் கருதி, குழுவினரின் இசைவோடு தலைப்பைச் சுருக்கிக்கொண்டேன். அவ்வூர் ஓங்கோல். அந்தச் சபை பாப்திஸ்து சபை. உழவுத்தொழில் அறிந்த பெரியவர்களுக்கு ஓங்கோல் என்றவுடன் அவ்வூர்க் காளைகளே நினைவுக்கு வரும். அக்காளைகள் இறந்தபின் அவற்றின் தோலை உரித்துப் பதப்படுத்திச் செருப்பும் வாரும் இறைவைச் சாலும் செய்து கொடுத்த மக்களைப் பற்றியே நான் பேச வந்திருக்கிறேன். அவர்கள் மாதிகர். தமிழ்நாட்டில் அருந்ததியர் என வழங்கப்பெறும் நம் மக்களுள் எத்தனையோ குடும்பங்களில் இன்றும் வீட்டுமொழி தெலுங்கே. மேடையில் தமிழும் அடுப்படியில் தெலுங்குமாக வாழும் நமக்கு மாதிகர் வரலாறு அயலார் வரலாறு ஆகாது.

இச்சங்கத்தில் இந்துக்கள் உள்ளனர், கிறித்தவர்கள் உள்ளனர், அண்ணல் அம்பேத்கர் காட்டிய வழியில் பௌத்தம் தழுவியோர் உள்ளனர், எச்சமயமும் சாராதோரும் உள்ளனர். எவரையும் எச்சமயத்துக்கும் அழைப்பது என் நோக்கமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மக்கள் கூட்டம் தனக்கென ஓர் அமைப்பை எப்படி உண்டாக்கிக்கொண்டது, அதற்கு என்ன விலை கொடுத்தது என்பதே நாம் காண வேண்டுவது.

ஓங்கோல் அந்நாளில் சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிறு நகரம். இப்போது பிரகாசம் மாவட்டத்தின் தலைநகர். அமெரிக்க பாப்திஸ்து சங்கத்தின் சார்பில் 1836இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் டே என்பவர், விசாகப்பட்டினத்திலும் சென்னையிலும் சிறிது காலம் இருந்துவிட்டு, 1840இல் நெல்லூரில் நிலைகொண்டார். 1849இல் லைமன் ஜூயெட் அவருடன் வந்து சேர்ந்தார். ஆண்டுகள் பல கழிந்தும் சபையில் சேர்ந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. பர்மாவில் இதே சங்கத்தாரின் பணி கரேன் மக்களிடையே செழித்திருக்க, தெலுங்கு நாட்டில் மட்டும் செலவுக்கேற்ற பலன் இல்லை என்ற முணுமுணுப்பு அமெரிக்காவில் எழுந்தது. 1853இல் ஆல்பனி நகரில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில் நெல்லூர்ப் பணியை மூடிவிடலாமா என்றே விவாதித்தனர். சுவரில் தொங்கிய வரைபடத்தில் பர்மா நிலையங்கள் நெருங்கித் தெரிய, வங்கக் கடலின் இக்கரையில் நெல்லூர் ஒற்றைப் புள்ளியாய் நின்றது. அதைச் சுட்டி ஒருவர் தனி விண்மீன் என்று சொல்ல, கூட்டத்துக்கு வந்திருந்த கவிஞர் சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித் அப்பெயரை வைத்தே ஒரு பாட்டு எழுதினார் என்றும், அது மறுநாள் கூட்டத்தின் மனத்தை மாற்றியது என்றும் சொல்வர். பணி மூடப்படவில்லை. அதுமுதல் தனி விண்மீன் மிஷன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

மறு ஆண்டு, 1854 சனவரி முதல் நாள் விடியற்காலையில், ஜூயெட்டும் அவர் மனைவியாரும் தெலுங்குக் கிறித்தவர் மூவரும் ஓங்கோல் குன்றின்மீது ஏறி நின்று, இவ்வூருக்கு ஒரு தொண்டரை அனுப்புமாறு வேண்டிக்கொண்டனர். அக்குன்றுக்கு இன்றளவும் செபமலை என்ற பொருளுடைய பெயர் உண்டு. சபை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இந்தக் குன்றிலிருந்தே கதையைத் தொடங்குவர். அந்த ஐவரின் உறுதி போற்றத்தக்கதே. ஆயினும் குன்றின் உச்சியிலிருந்து பார்த்தால் ஊர் தெரியும், ஊருக்கு வெளியே உள்ள சேரி அவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஓங்கோல் சபையின் வேர் அச்சேரிகளில்தான் இருந்தது என்பது என் துணிபு. அதற்குச் சான்றாக ஒருவர் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

அவர் பெயர் எர்ரகுண்ட்ல பேரய்யா. ஓங்கோலுக்கு மேற்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில் உள்ள தல்லகொண்டபாடு என்ற ஊரினர். பிறப்பால் மாதிகர், தொழிலால் தோல் வணிகர். எழுத்தறியாதவர். ஆயினும் மெய்ப்பொருள் தேடுவதில் தணியாத வேட்கை கொண்டவர். இராசயோகம் போதித்த குருமார்களை நாடிச் சென்று, அவர்கள் சொன்ன பயிற்சிகளையெல்லாம் செய்து, தாமே பிறருக்கு வழிகாட்டும் நிலைக்கு வந்திருந்தார். தெலுங்கு நாட்டில் இதற்கு ஒரு நீண்ட மரபு உண்டு. பொத்துலூரி வீரபிரம்மேந்திரரின் சீடர்களுள் கக்கய்யா என்ற மாதிகர் ஒருவர் இருந்தார் என்பதை இன்றும் மக்கள் கதையாகவும் நாடகமாகவும் சொல்லி வருகின்றனர். கோயிலுக்குள் இடமில்லாதவர்களுக்கு இத்தகைய குருமரபுகளில் ஓரளவு இடம் இருந்தது. அறியாமை இருளில் கிடந்த மக்களை வெள்ளைக்காரர் வந்து எழுப்பினார் என்று மேடைதோறும் பேசப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் நான் பேரய்யாவை நினைத்துக்கொள்வேன். அவர் எவராலும் எழுப்பப்படும் முன்னரே விழித்திருந்தவர்.

ஊரில் மாதிகருக்கு உழவரின் களத்துமேட்டை அண்டிய பிழைப்பு. இறைவைச் சாலும் வாரும் செருப்பும் கொடுத்து, அறுவடையில் ஒரு பங்கு தானியம் பெறுவர். அந்தப் பிடியிலிருந்து சற்றே விலகி நின்ற தொழில் தோல் வாணிகம். அக்காலத்தில் சென்னை மாகாணத்துத் தோலுக்கு வெளிநாடுகளில் தேவை பெருகிக்கொண்டிருந்தது. தோல் திரட்டப் போகிறவன் ஊர் எல்லையைத் தாண்டியாக வேண்டும். பேரய்யாவும் வடக்கே ஏலூர் வரை சென்றார். அங்கேதான் ஆங்கிலத் திருச்சபைத் தொண்டர் ஒருவர் பேசுவதைக் கேட்டார். தாம் பல்லாண்டுகளாகத் தேடியது இதுவே என்று அவருக்குத் தோன்றிற்று. உன் ஊருக்குப் பக்கத்தில் ஓங்கோலுக்கு விரைவில் ஒருவர் வருவார், அவரைப் பார் என்று அங்கே சொல்லி அனுப்பினர். 1866இல் ஜூயெட் ஓங்கோல் வந்திருந்தபோது, பேரய்யாவும் அவர் மனைவி நாகம்மாவும் நடந்து வந்து, தாம் நம்புவது இன்னதென்று தாமே எடுத்துச்சொல்லி ஞானஸ்நானம் பெற்றனர். ஓங்கோலில் மிஷனரி எவரும் குடியேறும் முன் நடந்தது இது. இச்செய்திகள் பலவும் எம்மா ரௌசென்புஷ் கிளஃப் என்ற அம்மையார் மாதிக முதியோரிடம் நேரில் கேட்டு 1899இல் வெளியிட்ட நூலால் நமக்குக் கிடைத்தவை. செருப்புத் தைத்துக்கொண்டே அவர்கள் சொன்ன கதைகள் என்ற பொருளில் அந்நூலுக்கு அவர் பெயரிட்டிருந்தார். ஊர் ஊராகச் சென்று முதியோர் சொல்வதை எழுதி வைக்கும் அப்பணியை நம் பிள்ளைகள் இன்னும் முழுமையாகச் செய்யவில்லை.

ஓங்கோலில் குடியேறிய மிஷனரி ஜான் எவரெட் கிளஃப். 1836இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, மேற்கே ஐயோவாவில் வளர்ந்து, இளமையில் நில அளவையாளருடன் பணியாற்றியவர். அந்த அளவைத் தொழில் பின்னால் ஆயிரக்கணக்கானோர் உயிரைக் காக்கப்போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1865இல் இந்தியா வந்த அவர், நெல்லூரில் தெலுங்கு பயின்று, 1866 செப்டம்பரில் ஓங்கோல் சேர்ந்தார். 1867 சனவரி முதல் நாள் 8 உறுப்பினரைக் கொண்டு சபை முறைப்படி நிறுவப்பட்டது. ஏட்டில் உள்ள தோற்ற நாள் இதுவே.

அடுத்த சில வாரங்களுக்குள் நடந்ததே உண்மையான தோற்றம் என்பேன். பேரய்யாவின் அழைப்பை ஏற்றுக் கிளஃப் தல்லகொண்டபாட்டுக்குப் போனார். புளியந்தோப்பில் தங்கினார். அங்கே சுற்றூர்களிலிருந்து 30, 40 மாதிகர் ஆணும் பெண்ணுமாகக் காத்திருந்தனர். சில நாளைக்கு வேண்டிய கட்டுச்சோற்றையும், தண்ணீரில் மூழ்கி எழுந்தபின் மாற்றிக்கட்டத் துணியையும் கையோடு கொண்டு வந்திருந்தனர். வருகிறவர் என்ன சொல்வாரோ கேட்டுப் பார்க்கலாம் என்று வந்த கூட்டமா இது? முடிவெடுத்துவிட்டு வந்த கூட்டம். வந்தவர்களைப் போதித்து ஆயத்தம் செய்தவர் அவர்களுள் ஒருவரான தோல் வணிகர். கிளஃப் 5 நாள் அவர்களோடு இருந்து, ஒவ்வொருவராக வினவி, 28 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

இங்கே பாப்திஸ்து முறையைப் பற்றி ஒரு வார்த்தை. இம்முறையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை. வயது வந்தவர் தாமே முன்வந்து, சபையார் முன்னிலையில் தம் நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். சேர்த்துக்கொள்வதா இல்லையா என்பதைச் சபையார் கூடி முடிவு செய்வர். மேலிருந்து ஆளும் பேராயர் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஊர்க் கூட்டத்தின் ஓரத்தில் கைகட்டி நின்று தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு போனவர்களுக்கு, உன் கருத்து என்ன என்று ஓர் அவையில் கேட்கப்படுவது என்ன பொருள் தந்திருக்கும் என்பதை இந்த அவையில் உள்ள முதியோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நடைமுறையில் மிஷனரியின் சொல்லுக்கு மற்றெவர் சொல்லையும்விட எடை மிகுதி என்பதையும் மறைக்க வேண்டாம். சம்பளப் பணம் அவர் கையில் இருந்தது.

சேர்ந்தவர்களுக்கு மூன்று விதிகள் சொல்லப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாகாது. செத்த மாட்டின் இறைச்சியை உண்ணலாகாது. சிலைகளை வணங்கலாகாது. கேட்பதற்கு எளிய விதிகள். ஆனால் அவை ஒவ்வொன்றும் ஊர்க் கட்டுமானத்தின் ஒவ்வொரு தூணில் இடித்தன.

ஞாயிறு வேலை இல்லை என்றால், அறுவடை நாளில் மாதிகன் களத்துக்கு வரமாட்டான். உழவருக்கு வாரத்தில் எந்த நாளும் ஒன்றே. அழைத்த நேரத்தில் வருவதே ஊழியம் என்றிருந்த நாட்டில், இன்று வரமாட்டேன் என்று ஒரு மாதிகன் சொன்ன முதல் சொல் அதுவாகவே இருந்திருக்கக்கூடும். சிலை வணக்கம் இல்லை என்றால் திருவிழாவில் பறையடிக்க ஆள் இல்லை. செத்த மாடு வேண்டாம் என்றால் மாட்டை அப்புறப்படுத்துவது யார், தோலுக்கு ஈடாகப் பெற்ற கடமைகள் என்னாவது என்ற கேள்வி எழுந்தது. எனவே எதிர்ப்பு கடவுளைப் பற்றியதாகத் தோன்றினும் அதன் அடியில் கிடந்தது வேலையைப் பற்றிய வழக்கே.

எதிர்ப்பு வந்த விதம் நமக்குப் பழக்கமானது. ஊர்க்கிணற்றில் நீர் தருவதை நிறுத்தினர். கடைக்காரர் உப்பும் விளக்கெண்ணெயும் விற்க மறுத்தனர். குயவர் பானை தரவில்லை, வண்ணார் துணி எடுக்கவில்லை. வேலையில்லை, தானியப் பங்கில்லை. பொய் வழக்குகளில் சிக்கவைக்கப்பட்டோரும் உண்டு. இதை எதிர்கொள்ளும் பொருட்டுக் கிளஃப் அரசு அலுவலர்களிடம் முறையிட்டார் என்பது உண்மை. ஆங்கில அதிகாரிக்கும் அவருக்கும் இருந்த நிறவழி நெருக்கம் அவ்வேளை கைகொடுத்தது. ஆனால் இரவில் குழந்தை தண்ணீர் கேட்டு அழுதபோது அங்கே இருந்தவர்கள் அந்தத் தாயும் தகப்பனும் மட்டுமே. திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டுக் கிணற்றை மீட்டுக்கொள்ளும் வழி அவர்களுக்கு நாள்தோறும் திறந்தே இருந்தது. பெரும்பாலோர் அவ்வழி போகவில்லை. வரலாற்று நூல்களில் அவர்கள் பெயர் இல்லை.

இனிப் பள்ளிக்கு வருகிறேன். நம் சங்கம் கல்விச் சங்கமாதலின் இப்பகுதியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

ஓங்கோலில் பார்ப்பனரும் பிற உயர்சாதியாரும் தம் மைந்தருக்கு ஆங்கிலக் கல்வி வேண்டினர். அரசு உத்தியோகத்துக்கு அதுவே வாயில். கிளஃப் அவர்களை அன்போடு வரவேற்றார். உயர்சாதியார் முதலில் சேர்ந்தால் மற்றோர் தாமே பின்வருவர் என்பது அக்கால மிஷனரிகள் பலருடைய கணக்கு. நல்ல குடிப்பிறப்பினர் பள்ளிக்கு வருகின்றனர், சிலர் சமயத்திலும் நாட்டம் காட்டுகின்றனர் என்ற மகிழ்ச்சியில் அவர் இருந்தபோதுதான் மாதிகர் வந்து சேர்ந்தனர். உடனே உயர்சாதிப் பெரியோர் வந்து, இவர்களைச் சேர்த்துக்கொண்டால் நாங்கள் வரமாட்டோம், எங்கள் பிள்ளைகளையும் அனுப்பமாட்டோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டனர்.

அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் செல்வாக்கும் பணமும் படிப்பும் உள்ளவர்கள். மறுபுறம் ஊரார் தொடவும் அஞ்சும் தோல் தொழிலாளர். கிளஃப் தம் அறையிலும், அவர் மனைவி ஹாரியட் அம்மையார் வேறோர் அறையிலும் தனித்தனியே வேதாகமத்தைத் திறந்ததாகவும், இருவர் கண்ணிலும் கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தில் எளியோரையும் இழிவாக எண்ணப்பட்டோரையும் கடவுள் தெரிந்துகொண்டார் என்று கூறும் ஒரே பகுதி பட்டதாகவும் கிளஃப் எழுதியுள்ளார். அது கடவுளின் செயலா, தற்செயலா என்பதில் இந்த அவையில் இருவேறு கருத்து இருக்கலாம். முடிவில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. மாதிகர் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். உயர்சாதி மாணவர் பள்ளியை விட்டு வெளியேறினர்.

நம் விடுதி இடங்களில் ஒரு பகுதியைக் கட்டணம் செலுத்தக்கூடிய பிற மாணவருக்கு ஒதுக்கினால் கட்டடக் கடன் தீரும் என்ற ஆலோசனை பொதுக்குழுவின் முன் இருப்பதை அறிவேன். ஆலோசனை கூறியவர்கள் சங்கத்தின்பால் பற்றுடையவர்கள், கணக்கறிந்தவர்கள். அவர்கள் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. ஓங்கோலில் கிளஃபுக்கு வந்த கணக்கும் தவறான கணக்கன்று, வரவு செலவு என்ற முறையில் அது சரியானதே. எனினும், இடம் போதாமல் சேரிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும் விடுதியில் ஒரு கட்டிலைக்கூட விலைக்குக் கொடுக்க நான் உடன்படமாட்டேன். கடனுக்கு வேறு வழி தேடுவோம். பொதுக்குழுவில் எனக்கு ஒரு வாக்குத்தான் உண்டு, அதை எவ்வாறு இடுவேன் என்பதை இங்கேயே சொல்லிவைத்தேன்.

உயர்சாதி மாணவர் போனபின் பள்ளி என்ன ஆயிற்று? நகரத்துப் பள்ளி சிறுத்தது, சேரிப் பள்ளிகள் முளைத்தன. கொஞ்சம் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்தார். பகல் முழுவதும் உழைத்தவர்களுக்கு இரவே பள்ளி நேரம். போதகர்களுக்கு முழுச் சம்பளம் மிஷனிலிருந்து தரப்படவில்லை. குருவுக்கு மக்கள் தானியம் கொடுப்பது அந்நாட்டு வழக்கம் ஆதலின், பாதியைச் சேரி மக்களே கொடுத்தனர். சேரியின் நாட்டாண்மை முறையையும் கிளஃப் அழித்துவிடாமல் சபை நடத்தும் பொறுப்புக்குப் பயன்படுத்திக்கொண்டார். 1872இல் இராமாபட்டணத்தில் போதகர் பயிற்சிப் பள்ளி நிலைபெற்றது. அங்கே பயின்றவர்களின் மனைவியரும் உடன் தங்கிப் படித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு குடும்பத்தில் இருவருக்கும் எழுத்து வந்தால் மூன்றாவது தலைமுறையில் என்ன நடக்கும் என்பதற்கு நம் சங்கத்துச் செயலாளர் இல்லமே சான்று.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் ஓங்கோலையும் விடவில்லை. மாகாணமெங்கும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அரசு நிவாரண வேலைகளைத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று, அன்றைய ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என நாம் அறியும் நீர்வழியை வடக்கே நீட்டி வெட்டும் பணி. ஒப்பந்தக்காரர் பிறர் கையில் மாதிகர் அடிபட்டனர், கூலி குறைக்கப்பட்டனர், விரட்டப்பட்டனர். எனவே கிளஃப் தாமே மூன்றரை மைல் நீளத்துக்கு வேலையை ஒப்பந்தம் எடுத்தார். இளமையில் கற்ற அளவைத் தொழில் அப்போது உதவிற்று. இராசுப்பாலெம் என்னும் இடத்தில் கொட்டகைகள் எழுந்தன. போதகர்கள் மேற்பார்வையாளர் ஆயினர். மண் வெட்டுவோரும் கூடை சுமப்போருமாக ஆயிரக்கணக்கானோர் அங்கே கூலி பெற்று உயிர் பிழைத்தனர். சென்னையில் பக்கிங்காம் கால்வாயைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அதன் வடகோடியில் ஒரு பகுதி நம்மவர் கைகளால் வெட்டப்பட்டது என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும்.

பஞ்ச காலத்தில் ஞானஸ்நானம் கேட்டுப் பலர் வந்தனர். கிளஃப் மறுத்துவிட்டார். ஏறத்தாழ 15 மாதம் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற பழி அம்மக்கள்மீது விழக்கூடாது என்பதே காரணம். நிவாரணப் பணம் தீர்ந்தபின், 1878 நடுவில், இனிக் கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். அப்படியும் வந்தனர். எங்களுக்கு உதவி வேண்டாம், உழைத்துப் பிழைத்துக்கொள்வோம், சபையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றனர். குண்ட்லகம்மா ஆற்றங்கரையில் வெல்லம்பள்ளி என்னும் ஊரில் கூட்டம் கூடிற்று. சூலை 2ஆம் நாள் 614 பேர், 3ஆம் நாள் 2,222 பேர், 4ஆம் நாள் 700 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அந்த 2,222 பேரையும் நீரில் மூழ்க வைத்து எழுப்பியவர்கள் தெலுங்குப் போதகர் அறுவர். இருவர் இருவராக ஆற்றில் நின்று, களைத்தால் அடுத்த இருவருக்கு இடம்விட்டு, பகல் முழுவதும் செய்தனர். கிளஃப் கரையில் நின்றார். எழுத்தர்கள் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக அழைத்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் சேர்ந்தோர் தொகை 9,606 ஆயிற்று. 11 ஆண்டுக்கு முன் 8 பேரோடு தொடங்கிய சபை, உலகிலேயே மிகப்பெரிய பாப்திஸ்து சபை எனப் பேசப்படும் நிலையை அடைந்தது. பின்னர் அது பல சபைகளாகப் பிரிக்கப்பட்டது.

அரிசிக் கிறித்தவர் என்ற ஏளனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பசிக்கு இதில் பங்கே இல்லை என்று நான் வாதிடப்போவதில்லை. பஞ்சத்தில் எவன் தன் பக்கத்தில் நின்றான், எவன் களஞ்சியத்தைப் பூட்டினான் என்பதை மக்கள் பார்த்தனர், பார்த்ததைக் கொண்டு முடிவெடுத்தனர். வயிறு நிறைந்தவர்கள் சமயம் மாறினால் அது தத்துவ ஆராய்ச்சி எனப்படுகிறது, ஏழை மாறினால் மட்டும் அவன் கலயத்தை எட்டிப்பார்க்கின்றனர். இந்த நீதி எனக்கு விளங்கவில்லை.

அதன்பின் நடந்தவை பல. எல்லாம் சொல்ல நேரமில்லை. மாதிகருக்கும் மாலருக்கும் இடையே இருந்த பிளவு சபைக்குள்ளும் நுழைந்தது. அதை மிஷனரிகளும் தீர்க்கவில்லை, நாமும் தீர்க்கவில்லை. நிலம் கிடைக்கவில்லை. கிளஃப் 1910இல் அமெரிக்காவில் மறைந்தார். ஓங்கோலைப் போன்றே பாப்திஸ்துப் பணி நடந்த விநுகொண்டாவில் 1895இல் பிறந்தவர்தாம் மகாகவி குர்ரம் ஜாஷுவா. தாய் மாதிகர். 1941இல் வெளிவந்த வௌவாலைத் தூது விடும் அவர் காவியத்தைப் படிக்காமல் தெலுங்கு இலக்கியம் பயின்றதாக இன்று எவரும் சொல்லிக்கொள்ள இயலாது. அம்மனிதரையும் அவைகளில் தள்ளி நிற்கச் செய்த நாடு இது.

விடுதலை வந்தபின், 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத ஒருவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விலக்களிக்கப்பட்டது. கிறித்தவருக்கு இல்லை. தல்லகொண்டபாட்டில் கட்டுச்சோற்றோடு காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆந்திரத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஒரு தனிப் பிரிவாக வைக்கப்பட்டு, அதற்கென ஒரு விழுக்காடு ஒதுக்கீடு பெற்றனர். பலர் சான்றிதழில் ஒரு சமயமும் வீட்டில் ஒரு சமயமுமாக வாழ்கின்றனர். நம் மாணவர்களுள்ளும் அப்படிப்பட்டோர் உளர். அவர்களைப் பொய்யர் எனச் சொல்ல எனக்கு நாவெழவில்லை.

ஒரு செய்தியைச் சொல்லி அமர்கிறேன். 1867இல் தல்லகொண்டபாட்டுப் பக்கத்துச் சேரிகளில் வழக்கு தண்ணீரில் தொடங்கிற்று என்றேன். 1985 சூலை 17ஆம் நாள், அன்றைய பிரகாசம் மாவட்டத்தில் சீராலாவுக்கு அருகில் உள்ள காரம்சேடு என்னும் ஊரில், மாதிகரின் குடிநீர்க் குளத்தை ஆதிக்க சாதி இளைஞர்கள் அசுத்தப்படுத்தியதைத் தட்டிக்கேட்டதால் மூண்ட தாக்குதலில் மாதிகர் அறுவர் கொல்லப்பட்டனர். 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வருவதற்கு அக்கொலைகள் எழுப்பிய கிளர்ச்சியும் ஒரு காரணம். குளத்துக்கு வந்தவர்களை எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர் தண்ணீர் எடுக்கச் சென்ற ஒரு மாதிகப் பெண். ஓங்க நின்ற கையைத் தடுக்க அவர் தூக்கியது கையிலிருந்த குடத்தை.